இடுப்பாழம்

தூத்துக்குடி
8.2.1982

அக்கா,

பொங்கலுக்கு வந்தபோது இரண்டு நாள் குனிந்து உட்கார்ந்து நான் போட்ட வரைபடத்தில் அர்ச்சுனன் மாமா புளி மடித்துச் சந்தைக்கு அனுப்பினார். கோபித்துக்கொண்டு கிளம்பியது என் தப்பில்லை. மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன். ஆனால் உன் வீட்டுக்காரர் ரோஷமும் என் ரோஷமும் தீரும்வரை உன் மகள் மங்கையின் கால் காத்திருக்காது. அதனால் மறுபடி வரைந்து அனுப்பியிருக்கிறேன். இதிலாவது புளி மடிக்க வேண்டாம் என்று சொல்.

வேலூர் டாக்டர் எழுதிக் கொடுத்ததை நீதான் எனக்குப் படித்துக் காட்டினாய். இளம்பிள்ளை வாதம் வந்த வலது காலுக்குத் தரையில் செய்கிற பயிற்சி போதாது, தண்ணீருக்குள் தினமும் உதைத்துப் பழகவேண்டும், ஆகஸ்டு கடைசியில் பார்ப்பேன், தேறாவிட்டால் அறுவை. ஒன்பது வயதுப் பிள்ளை. இன்றைக்குப் பிப்ரவரி எட்டு. கணக்கு உனக்கே தெரியும், நீ வாத்தியார்.

நம் மலையில் நீந்த என்ன இருக்கிறது? ஓடை கோடையில் கணுக்காலை நனைக்காது. கிணறு என்றால் படியில்லாத பாறைக் குழி. ஆகவே வீட்டுக்குப் பின்னாலேயே குளம். கவனமாகப் படி.

பலாமரத்துக்குக் கிழக்கே நீளம் எட்டு மீட்டர், அகலம் நாலு. மேல்பக்கம் மூன்றில் ஒரு பங்கு தனித் தொட்டி. அதில் யாரும் இறங்கக் கூடாது. சரளை நிரப்பிக் கோரை நடவேண்டும். ஊற்றுத் தண்ணீர் முதலில் அங்கே விழுந்து, கோரை வேருக்குள் நுழைந்து தெளிந்து, கீழ்க்குளத்துக்கு வழியும். தண்ணீரில் இருக்கிற சத்தை வேர் தின்றுவிடும். சத்து இல்லையென்றால் பாசிக்குச் சோறு இல்லை. பாசி இல்லையென்றால் கழுவுகிற வேலை இல்லை. கீழ்க்குளத்தின் தரை தெற்கு மூலைக்குச் சாயவேண்டும். அங்கே நாலு அங்குலக் குழாய், மரக்கட்டை அடைப்பு. மாதம் ஒருதரம் கட்டையைப் பிடுங்கினால் சேறு தானாக வாழைக்குப் போய்விடும். கொசுவுக்குப் பொடி மீன் விடு.

சிமெண்ட் வேண்டாம். மழையில் நனைந்து மலையேறி வருவதற்குள் பாதி மூட்டை கல்லாகிவிடும். களிமண் கொட்டி மாடு விட்டு மிதிக்கவேண்டும். படிகளுக்கு மட்டும் கல்.

நீ பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள், மாமா உழவுக்குக் கொல்லைக்குப் போகிறவர். குளம் கழுவ உங்களுக்கு நேரமில்லை என்று தெரிந்துதான் வேலை வைக்காத குளமாக யோசித்திருக்கிறேன். இந்த வடிவத்தின் உயிரே அதுதான். ஒரு கோட்டையும் மாற்றாதீர்கள்.

இங்கே கான்கிரீட் போடுகிற சமயம். லீவு கிடையாது. கடிதத்திலேயே நடத்திக்கொடுப்பேன்.

ரங்கன்


பலாமரத்தூர்
20.2.1982

தம்பி ரங்கனுக்கு,

உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். உன் மாமா கேட்டுவிட்டு, "கொளத்துக்குள்ள கோரை நட்டு பாம்பு வளக்கச் சொல்றானா உன் தம்பி?" என்றார். பிறகு எழுந்து போய், பலாமரத்துக்குக் கிழக்கே நாலு மூலையிலும் முளை அடித்துவிட்டு வந்தார். அவர் வாய் வேறு, கை வேறு. உனக்கு வாய் மட்டும்தான் தெரிகிறது.

ஆலங்காயத்திலிருந்து கொத்தனார் ராஜாக்கண்ணு வந்து பார்த்தார். உன் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "டீச்சரம்மா, இதுல பூச்சியம் புள்ளி வச்சு இன்னாவோ எழுதிருக்குது. மீட்டருன்றாரு, மில்லின்றாரு. நமக்கு அடி தெரியும், மொழம் தெரியும். படி எவ்ளோ ஆழம்னு வாயால சொல்லச் சொல்லுங்க, செஞ்சுடறேன்" என்றார். நான் பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் இருப்பேன், பக்கத்தில் நின்று படித்துச் சொல்ல முடியாது. அவருக்குப் புரிகிற மாதிரி எழுது.

போன வாரம் மங்கா பள்ளிக்கூட வாசலில் விழுந்துவிட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "காலை வெட்டிட்டா வேற வைப்பாங்களா?" என்று கேட்டாள். அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

சீக்கிரம் எழுது.

அம்சவல்லி


தூத்துக்குடி
27.2.1982

அக்கா,

சர்க்கார் மீட்டரைக் கொண்டுவந்து எத்தனை வருஷம் ஆகிறது! இன்னும் முழத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் நான் என்ன செய்வது? சரி. ராஜாக்கண்ணுவுக்குப் புரிகிற பாஷையிலேயே சொல்கிறேன். இதைவிட எளிதாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

முதல் படி முழங்கால் ஆழம். இரண்டாவது படி இடுப்பாழம். மூன்றாவது நெஞ்சாழம், அதுதான் குளத்தின் தரை. அதற்குமேல் ஒரு விரல்கூட ஆழம் வேண்டாம். ஒவ்வொரு படியும் ஆள் படுக்கிற அகலம் இருக்கவேண்டும்.

போதுமா? இனி கேள்வி வேண்டாம். தோண்டுங்கள்.

ரங்கன்


பலாமரத்தூர்
4.4.1982

தம்பிக்கு,

குளம் நிரம்பிவிட்டது.

உன் மாமாவும் அவர் பங்காளிகளும் இருபது நாள் தோண்டினார்கள். ஓர் இடத்தில் பாறை வந்தது. நெருப்பு மூட்டித் தண்ணீர் ஊற்றி வெடிக்க வைத்தார்கள். அடிவாரத்து ஏரியிலிருந்து களிமண் வந்தது. நாலு ஜோடி மாட்டை விட்டு இரண்டு நாள் மிதித்தார்கள். கோரையை ஓடைக்கரையிலிருந்து உன் மாமாவே வேரோடு பிடுங்கிக்கொண்டுவந்து நட்டார். "பாம்பு வரலியா?" என்று கேட்டேன். "உன் தம்பி வந்தா வரும்" என்றார்.

ராஜாக்கண்ணு வேலையில் சுத்தம். வாசல் நிலை இடிக்காமல் குனிந்து வருகிற ஆள், பார்த்திருப்பாயே. ஒவ்வொரு படிக்கும் தானே குழிக்குள் இறங்கி நின்று, முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று சுவரில் கரியால் கோடு போட்டுத்தான் கல் வைத்தார். ஒரு விரல் தப்பவில்லை.

தண்ணீர் இன்னும் கலங்கல். இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிடும். மங்கா கரையைவிட்டு நகரமாட்டேன் என்கிறாள். மூன்று வேளைச் சோறும் அங்கேதான். வருகிற சனிக்கிழமை பள்ளிக்கூடம் விடுமுறை. அன்றைக்கு அவளை இறக்கப்போகிறோம்.

அம்சவல்லி


தந்தி
தூத்துக்குடி, 10.4.1982

குழந்தையைத் தண்ணீரில் இறக்காதே. ஆழம் தவறு. கடிதம் வருகிறது. ரங்கன்.


பலாமரத்தூர்
12.4.1982

ரங்கா,

உன் தந்தி இன்றைக்குத்தான் மலையேறியது. சனிக்கிழமை முந்தாநாள் போய்விட்டது.

நான் மாற்றுத் துணி எடுக்க உள்ளே போனேன். முதல் படியில் நில், நகராதே என்றுதான் சொல்லிவிட்டுப் போனேன். முழங்கால் ஆழம் என்று நீ எழுதிய படியில் அவளுக்குத் தொடை நனைந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்தது இடுப்பாழம்தானே என்று இடது காலை எடுத்து வைத்திருக்கிறாள். தண்ணீர் தாடைக்கு வந்துவிட்டது. வலது கால் தாங்கவில்லை. கல்லில் படிந்த களிமண்ணில் வழுக்கி மூன்றாவது படிக்குப் போய்விட்டாள்.

நான் வந்தபோது தண்ணீருக்குமேல் ரிப்பன் மட்டும் தெரிந்தது.

உன் மாமாவுக்கு நீச்சல் தெரியாது. ஆனால் அவருக்கு அது நெஞ்சாழம்தான். நடந்தே போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். தலைகீழாகப் பிடித்ததும் தண்ணீர் கக்கினாள். உயிரோடு இருக்கிறாள். காய்ச்சல். அப்பா கையை விடவில்லை.

யார் இடுப்புடா?

அம்சவல்லி


தூத்துக்குடி
19.4.1982

அக்கா,

உன் கடிதம் வந்த பிறகு என்னால் வேலைசெய்ய முடியவில்லை. மங்கைக்குக் காய்ச்சல் விட்டதா என்று உடனே எழுது.

நடந்ததற்கு நான் வருத்தப்படுகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். குளம் யாருக்காக என்று ராஜாக்கண்ணுவுக்குத் தெரியாதா? மாமாவுக்குத் தெரியாதா? ஆறடி ஆள் குழிக்குள் இறங்கி நெஞ்சில் கோடு போடும்போது, ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இது மூழ்கடி ஆயிற்றே என்று பக்கத்தில் நின்றவர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லையா? நான் அனுப்பிய வரைபடத்தில் அளவு சரியாகத்தான் இருந்தது. 0.30, 0.55, 0.80. அதைப் படிக்க மாட்டோம் என்றது நீங்கள்தான்.

தண்ணீரை வடித்து வையுங்கள். நான் யோசித்து எழுதுகிறேன்.

ரங்கன்


அஞ்சலட்டை
27.4.1982

காய்ச்சல் விட்டது. யார் இடுப்பு என்று கேட்டேன். நீ எழுதிய இரண்டு பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. உன் மாமா கூடை கூடையாக மண் கொட்டிக் குளத்தைத் தூர்க்க ஆரம்பித்துவிட்டார். நான் தடுக்கவில்லை.

அம்சவல்லி


தூத்துக்குடி
3.5.1982

அக்கா,

மங்கையின் இடுப்பு.

பொங்கலன்று அவளைப் பலாமரத்தில் சாய்த்து நிறுத்தி நானே அளந்தேன். உயரம் ஒரு மீட்டர் எட்டு செண்டிமீட்டர். என் நோட்டில் எழுதியிருக்கிறது. நீ மீட்டர் வேண்டாம் என்று எழுதியதும் எனக்கு எரிச்சல். இடுப்பு என்று எழுதியபோது என் கண்ணில் அவள் இடுப்பு இருந்தது. மலையில் இடுப்பாழம் என்றால் ஆம்பிளை இடுப்புதான் என்று எனக்குத் தெரியும். நான் அங்கே பிறந்தவன். ஒரு பெயரை எழுதியிருந்தால் போதும், ‘மங்கை இடுப்பு’ என்று. மூன்று எழுத்துப் பெயர். அதை எழுதப் பொறுமை இல்லை. ராஜாக்கண்ணு சொன்னதைச் செய்தவர். அவரைச் சொன்னது தப்பு. மாமாவைச் சொன்னது அதைவிடத் தப்பு.

நீ போட்ட கடிதத்தில் அவர் கரிக்கோடு போட்டார் என்று படித்ததும் தந்தி ஆபீசுக்கு ஓடினேன். அன்றைக்கே சனிக்கிழமை. க்யூவில் நிற்கும்போதே தெரியும், போய்ச் சேராது என்று.

தூர்க்கவேண்டாம். டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. கொட்டிய மண் இருக்கட்டும், அதன்மேல் களிமண் மிதித்துத் தரையை உயர்த்தலாம். மேலே சொரசொரப்பான கல் பதிக்கவேண்டும், வழுக்காது. அடியும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம். ஒரு நூலை மங்கையின் காலடியிலிருந்து பிடித்து, முழங்காலில் ஒரு முடிச்சு, இடுப்பில் ஒன்று, நெஞ்சில் ஒன்று போட்டு அனுப்பு. அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்கிறேன்.

ரங்கன்


பலாமரத்தூர்
14.5.1982

ரங்கா,

நூல் உள்ளே இருக்கிறது. உன் மாமாதான் முடிச்சுப் போட்டார்.

மங்கா குளத்துப் பக்கம் முகத்தைத் திருப்புவதே இல்லை. கொல்லைக்குப் போகவேண்டும் என்றாலும் வீட்டைச் சுற்றிக்கொண்டு போகிறாள். நூலைப் பிடித்ததும், "இன்னாத்துக்குப்பா?" என்றாள். "பாவாடை தைக்க" என்றார். "பாவாடைக்கு எதுக்கு முட்டியில முடிச்சு?" என்று கேட்டாள். அவருக்குப் பொய் சொல்ல வராது.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே ஒரு கூடை மண்ணைக் கீழே வைத்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கடுதாசி வாணாம். மொதல்ல வந்து அவன் எறங்கி நிக்கட்டும். வேல போனா போவுது, நம்ம வூட்ல சாமைச் சோறு இருக்குதுன்னு சொல்லு."

அம்சவல்லி


பலாமரத்தூர்
18.6.1982

தம்பிக்கு,

நீ வந்து போய் மூன்று வாரம் ஆகிறது. அந்த நாலு நாளும் நீயும் உன் மாமாவும் ஒரே குழிக்குள் நின்று கல் பதித்தீர்கள். பத்து வார்த்தை பேசியிருப்பீர்களா? அதில் ஆறு ‘கொஞ்சம் தள்ளு’.

குளம் இப்போது அவள் அளவுக்குத்தான் இருக்கிறது. நூலை விட்டு நானே மூன்று படியிலும் பார்த்துவிட்டேன். என்ன பயன்? அவள் இறங்கவில்லை. நாலு நாளும் உனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பிள்ளையிடம், கிளம்புகிற அன்றைக்கு, "யாருக்காகடி இவ்வளவும்?" என்று கத்தினாயே, அதற்குப்பிறகு உன் பெயரைச் சொன்னாலே எழுந்து போய்விடுகிறாள்.

இன்னொன்று. வேலை வைக்காத குளம் என்றாயே, வந்து பார். தண்ணீர் முழுக்கப் பச்சை. கையை விட்டால் பெண்பிள்ளை தலைமுடி மாதிரி நீளநீளமாகப் பாசி வருகிறது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. எனக்கு நேரமில்லை.

ஆகஸ்டு இருபத்தாறாம் தேதிக்கு டாக்டர் சீட்டு வந்துவிட்டது.

அம்சவல்லி


தூத்துக்குடி
26.6.1982

அக்கா,

கத்தியது தப்பு. அவளிடம் சொல்லு. கேட்கமாட்டாள், இருந்தாலும் சொல்லு.

பாசி வந்தது வடிவமைப்பின் குறையில்லை. தரையை உயர்த்த மண்ணைக் கிளறினோம். அந்தச் சத்து தண்ணீரில் இறங்கிவிட்டது. மேல்தொட்டிக் கோரை இன்னும் இளசு, அவ்வளவையும் தின்ன அதற்குப் பலமில்லை. மூன்று மாதத்தில் கோரை அடர்ந்து பாசி தானாக அடங்கும். அதுவரை முடிந்தவர்கள் கையால் எடுங்கள்.

பேசிப் பேசிப் பார்க்க நாளில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போய் முதல் படியில் நிறுத்து. அழுதால் அழட்டும். ஆஸ்பத்திரி மேசையில் அழுவதற்கு இது மேல்.

ரங்கன்


பலாமரத்தூர்
2.9.1982

தம்பிக்கு,

இரண்டு மாதமாக உனக்கு எழுதவில்லை. உன் மூன்று கடிதமும் வந்தது. என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன்.

தூக்கிப்போய் நிறுத்தச் சொன்னாய். ஒருதரம் செய்தேன். என் கையைக் கடித்துவிட்டாள். தழும்பு இருக்கிறது. அதோடு விட்டுவிட்டேன்.

ஜூலை ஆரம்பத்தில் ஒருநாள் உன் மாமா கரையில் படுத்துக்கொண்டு கையை நீட்டிப் பாசி இழுத்துக்கொண்டிருந்தார். எட்டவில்லை. இறங்கினால் வேட்டி நனையும் என்று சோம்பல். "மங்கா, அந்தக் கொம்ப எடுத்து இப்படித் தள்ளி வுடும்மா" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்து கொம்பால் தள்ளினாள். அது அவருக்கு வந்து சேரவில்லை. "சே, ஒரு பாசிய இழுக்கத் தெரில உனக்கு" என்று அப்பாவைத் திட்டிக்கொண்டே இறங்கி முதல் படியில் நின்றுவிட்டாள், ரங்கா. தான் நிற்பதே அவளுக்குத் தெரியவில்லை. நான் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அவர் வேண்டுமென்று செய்தாரா என்று கேட்டேன். "இல்லடி, மெய்யாலுமே எட்டல" என்கிறார். பொய் சொல்ல வராது அவருக்கு என்று எழுதியிருக்கிறேன்.

மறுநாளிலிருந்து பாசி அவள் வேலை ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் பையைப் போட்டுவிட்டு இறங்குவாள். முதல் படி முடிந்தால் இரண்டாவது. ஆடி மாதம் மூன்றாவது படிக்கு வந்தாள். எதிர்ச்சுவரில் ஒட்டியிருக்கிற பாசிக்கு நின்றுகொண்டு எட்டாது என்று அவளே அப்பாவிடம் சுரைக்குடுக்கை கட்டித்தரச் சொன்னாள். முதுகில் அதைக் கட்டிக்கொண்டு, காலை அடித்து அடித்துப் போவாள். ஒரு கொத்து எடுத்துக்கொண்டு திரும்புவாள். மறுபடி போவாள். நாங்கள் யாரும் கால் என்றோ நீச்சல் என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடுவாள் என்று பயம்.

போன வியாழக்கிழமை வேலூர் போனோம். டாக்டர் உள்ளங்கையை நீட்டி, "தள்ளு பார்ப்போம்" என்றார். தள்ளினாள். அவர் இன்னொரு கையையும் கொடுத்தார். தொடையை டேப்பால் அளந்து பழைய சீட்டைப் பார்த்தார். அறுவை இப்போதைக்கு வேண்டாம், பிப்ரவரியில் வாருங்கள், இதே மாதிரி விடாமல் செய்யவேண்டும், விட்டால் பழையபடி ஆகிவிடும் என்றார். "நீச்சல் யாரும்மா கத்துக்கொடுத்தாங்க?" என்று அவளைக் கேட்டார்.

"எனக்கு நீச்சல்லாம் தெரியாது சார். நான் பாசி எடுக்கறேன்" என்றாள்.

உன் மாமா வெளியே போய் நின்றுகொண்டார்.

இப்போது எனக்கு ஒரு சங்கடம். உன் குளம் நீ சொன்னபடியே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. கோரை ஆள் உயரம் அடர்ந்துவிட்டது. ஆள் என்றால் உன் மாமா உயரம். தண்ணீர் நாளுக்கு நாள் தெளிகிறது. நேற்றுத் தரைக்கல் தெரிந்தது. மங்கா கால் மணி நேரத்தில் வெளியே வந்து, "இன்னாம்மா, பாசியே இல்ல" என்று துண்டைக் கேட்கிறாள். பயிற்சிக்காக இறங்கு என்று சொல்லிப் பார்த்தேன். முகம் உடனே மாறிவிட்டது.

பாசி இல்லாத குளத்தில் இவளை எப்படி இறக்குவது? பிப்ரவரிவரை என்ன செய்வேன்? யோசித்து எழுது. உடனே எழுது.

அம்சவல்லி


அஞ்சலட்டை
தூத்துக்குடி, 8.9.1982

அக்கா,

மேல்தொட்டிக் கோரையில் பாதியை வேரோடு பிடுங்கிவிடு. அந்த இடத்தில் மாதம் ஒரு கூடை மக்கின சாணி போடு. பத்து நாளில் பாசி வரும். மங்கை பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது செய். மாமாவைவிட்டே பிடுங்கச் சொல், நான் சொன்னதாகச் சொல்.

ரங்கன்